கிரீஸுக்கு மூன்று பெயர்

உலக வங்கி, யூரோஸ்டாட் இரண்டிலும் எடுத்த புள்ளிவிவரங்களை ஒரே அட்டவணையில் சேர்ப்பதற்குள் தாவு தீர்கிறது. வழி உண்டா?
– ஆய்வு மாணவி, திருச்சி

வெட்டி ஒட்டுவதை முதலில் நிறுத்துங்கள். இரண்டு இடத்திலும் 'எஸ்டிஎம்எக்ஸ்' வடிவில் இறக்கிக்கொள்ளலாம். ஐ.எம்.எஃப்., ஐ.நா. உள்பட ஏழு அமைப்புகள் சேர்ந்து 2001-இல் தொடங்கிய பொதுத் தரம் இது, 2013-இல் ஐ.எஸ்.ஓ. 17369 ஆனது. ஒவ்வொரு தொடருக்கும் ஒரு விலாசம் உண்டு. உதாரணமாக, ஐரோப்பிய மத்திய வங்கியில் 'எம்.யுஎஸ்டி.ஈயுஆர்.எஸ்பி00.ஏ' என்றால் யூரோவுக்கு டாலர் மாற்று விகிதம், மாதச் சராசரி. 'எம்' இருக்கும் இடத்தில் 'டி' போட்டால் நாள்வாரிக் கணக்கு வந்துவிடும். ஆர், பைத்தான் ஆகிய நிரல்மொழிகள் இரண்டிலும் இதற்கு இலவசத் தொகுப்புகள் இருக்கின்றன.

நாட்டுக் குறியீட்டை மட்டும் கவனியுங்கள். தரம் ஒன்றானாலும் பழைய பழக்கம் விடுமா? கிரீஸ் யூரோஸ்டாட்டில் 'ஈஎல்', ஐரோப்பிய மத்திய வங்கியில் 'ஜிஆர்', உலக வங்கியிலோ 'ஜிஆர்சி'! குறியீடுகளுக்கு ஒரு ஒப்பீட்டுப் பட்டியல் போட்டுக்கொண்டு, அப்புறம் இணையுங்கள்.