தனித்து நின்ற மனவுறுதி

பலரோடு சேர்ந்து உண்மையைப் பேசுவது எளிது. தனித்து நின்று பேசுவதே தவம். லிதுவேனியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவில் குடியேறிய யூதப் பெற்றோருக்கு 1917-இல் பிறந்த ஹெலன் சுஸ்மன் அத்தவத்தை மேற்கொண்டவர். 1953-இல் நாடாளுமன்றம் புகுந்த அவர், 1961 முதல் 1974 வரை தமது கட்சியின் ஒரே உறுப்பினராக இருந்து நிறவெறிச் சட்டங்களை எதிர்த்தார். ஏளனமும் வசையும் அவரைத் தளர்த்தவில்லை. கேள்வி கேட்பதையே அவர் கருவியாகக் கொண்டார். விசாரணையற்ற காவலைப் பற்றியும் சிறைக் கொடுமைகளைப் பற்றியும் அவர் வினவ, அமைச்சர்கள் விடை கூற நேர்ந்தது. மறைக்கப்பட்டவை அவைக்குறிப்பில் பதிவாயின. 1967-இல் ராபன் தீவுச் சிறைக்குச் சென்று நெல்சன் மண்டேலாவைச் சந்தித்து, கைதிகளின் குறைகளைக் கேட்டறிந்தார். வாக்கெடுப்புகளில் தொடர்ந்து தோற்ற அவர், 1994-இல் நிறவெறி ஆட்சி முடிவுற்றதைக் கண்ணாரக் கண்டார். 2009-இல், 91-ஆம் வயதில் மறைந்தார். பலன் கிட்டத் தாமதமாயினும் கடமையைக் கைவிடலாகாது என்பதே அந்நீண்ட வாழ்வு நமக்குப் புகட்டும் பாடம்.