மலைச்சரிவின் பசளையும் நீரடிப் புல்லும்

அக்கரப்பத்தனையின் தேயிலைச் சரிவுகளிலும் மரக்கறிப் பாத்திகளிலும் பெய்யும் மழை ஆக்ரா ஓயாவிற் சேர்கின்றது. ஆக்ரா ஓயா கொத்மலை ஓயாவின் கிளைகளுள் ஒன்று. கொத்மலை ஓயா மகாவலி கங்கையோடு கூடுகின்றது. 335 கிலோமீற்றர் நீளமுள்ள மகாவலி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலை அடைகின்றது. இந்நீர் தன்னுடன் எவற்றைக் கொண்டு செல்கின்றது என்பதையும், அவற்றால் நீர்த்தாவரங்களுக்கும் அவற்றை மேயும் மீன்களுக்கும் நேர்வது யாது என்பதையும் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

பசளை நீரிற் கலக்கும் விதம்

50 கிலோகிராம் யூரியா மூடையொன்றில் 23 கிலோகிராம் நைதரசன் உண்டு. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் யூரியாவை முதலில் அமோனியமாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அமோனியத்தைக் களித்துணிக்கைகள் பற்றிக்கொள்ளும், நைத்திரேற்றைப் பற்றிக்கொள்ளா. ஆதலால் பெருமழை பெய்யின் நைத்திரேற்று கரைந்து ஓடைக்குச் சென்றுவிடும். இம்மாற்றத்தினால் மண்ணின் அமிலத்தன்மையும் மிகுகின்றது. தேயிலைக்கு உகந்த பீ.எச். பெறுமானம் 4.5 முதல் 5.5 வரையாகும், அதனினும் தாழ்ந்தால் வேர்கள் உணவை நன்கு பெறமாட்டா.

பொசுபேற்றின் இயல்பு வேறு. அது எளிதிற் கரையாது மண்துணிக்கைகளில் ஒட்டி நிற்கும். மண் அரிக்கப்படும்போது அதுவும் உடன் செல்லும். ஆகவே நைதரசன் கண்ணுக்குப் புலப்படாது தெளிந்த நீரிலும், பொசுபரசு கலங்கல் நீரிலும் சரிவைவிட்டு நீங்குகின்றன.

தேங்கிய நீரில் நிகழ்வது

ஓடும் நீர் முதலில் தேங்குமிடம் அணைக்கட்டாகும். தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கம் 2012ஆம் ஆண்டிலும், அதற்குக் கீழே கொத்மலை நீர்த்தேக்கம் 1985ஆம் ஆண்டிலும் பயனுக்கு வந்தன. வண்டல் இவற்றிற் படிகின்றது. நைதரசனும் பொசுபரசும் மிகும் இடத்தில் பாசி பெருகும். 1991ஆம் ஆண்டிற் கொத்மலை நீர்த்தேக்கத்தில் மைக்ரோசிஸ்டிஸ் எனும் நீலப்பச்சைப் பாசி பெருகிப் படர்ந்தது.

பாசி பகலிற் சூரிய ஒளியைக் கொண்டு உணவு ஆக்கும்போது நீரிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சுகின்றது. அதனால் நீரின் பீ.எச். பெறுமானம் உயர்ந்து, சில வேளைகளில் 9ஐயும் கடக்கும். அத்தகைய நீரில் அமோனியத்தின் ஒரு பகுதி அமோனியாவாக மாறி, மீனின் பூக்களைத் தாக்கும். இரவிலோ பாசி ஒட்சிசனை உட்கொள்ளும். விடியுமுன் மீன்கள் மேற்பரப்பிற்கு வந்து வாய் திறந்து தத்தளிக்கும். 1952ஆம் ஆண்டில் இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா பாசியை மேயும் மீனாகும். எனினும் நீரின் தன்மை அளவுகடந்து கெடுமாயின், மேய்ச்சல் நிறைந்திருந்தும் மீனுக்குப் பயனில்லை. மைக்ரோசிஸ்டிசின் சில வகைகள் ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். கொதிக்க வைத்தாலும் அந்நஞ்சு நீங்காது.

கடற்புல்லும் அதை மேயும் மீனும்

புத்தளம் களப்பிலும், மன்னார் வளைகுடாவிலும், பாக்குக் குடாவிலும் கடற்புல் வெளிகள் உள்ளன. கடற்புல் பாசியன்று, வேரும் இலையும் பூவும் உடைய தாவரம். ஓரா மீன் இதனையும் இதன்மேற் படரும் பாசியையும் மேய்கின்றது. கடற்பசுவுக்கும் பச்சை ஆமைக்கும் இதுவே முதன்மையான இரை.

நீரில் நைதரசன் சிறிது கூடினால் இலையிற் சத்து மிகும். மேயும் உயிர்கள் அதனை விரும்பி உண்ணும். அளவு மீறினால் இலைமேற் பாசி போர்வைபோற் படரும். மேற்பரப்பில் விழும் ஒளியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காயினும் கிடைத்தாலன்றிக் கடற்புல் பொதுவாக நிலைக்காது. ஒளி குன்றினால் இலை ஆக்கும் ஒட்சிசன் வேருக்குப் போதாது. அப்போது சேற்றிலுள்ள ஐதரசன் சல்பைட்டு வேரினுட் புகுந்து புல்லை மாய்க்கும். புல் அழிந்தால் ஓரா மேய்ச்சலை இழக்கும். மீன்குஞ்சுகள் மறைவிடத்தை இழக்கும். கரைவலை இழுப்போரின் பிழைப்பும் குன்றும்.

மலைமண்ணிற் பெரும்பகுதியை அணைகள் தடுத்து நிறுத்துகின்றன. கரையோர வயல்களிலும் நகரங்களிலுமிருந்து வரும் கழிவே கடலுக்கு அண்மையானது. எனினும் கரைந்த நைத்திரேற்று முழுவதையும் அணை தடுக்காது. மலையாயினும் கரையாயினும் பசளை செய்யும் வேலை ஒன்றே.

கமக்காரர் செய்யத்தக்கன

1. மண்ணைப் பரிசோதித்த பின்னரே பசளையின் அளவைத் தீர்மானித்தல் வேண்டும். தேயிலை நிலத்திற்கு டொலமைற்று இடுவது குறித்துத் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் விதிப்புகளைப் பின்பற்றுக.

2. பசளையை ஒரே முறையில் இடாது, பல தவணைகளாகப் பிரித்து இடுக. தென்மேற்குப் பருவப் பெருமழை நெருங்கும் நாட்களில் இடுதல் வீண்.

3. உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ் பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே, சமவுயரக் கோட்டின் வழியே அமைக்க. மேலிருந்து கீழாக அமைத்த பாத்தி மண்ணை ஓடைக்கு அனுப்பும்.

4. கான்களில் இடையிடையே குழிகள் வெட்டி, அவற்றிற் படியும் வண்டலை அள்ளி மீண்டும் நிலத்தில் இடுக.

5. கவ்வாத்து வெட்டிய கிளைகளை நிலத்திலேயே பரப்புக. வெற்று நிலத்தை மானாப்புல்லால் மூடுக. ஓடைக்கரையிற் புல்வரிசை வளர்க்க.

6. பசளை மூடைகளையும் மருந்து தெளிக்கும் கருவிகளையும் ஓடையிற் கழுவலாகாது.

7. பச்சைப் படலம் படர்ந்த நீரை மக்களும் மாடுகளும் பருகலாகாது.

இம்முறைகளால் முதலிற் பயனடைபவர் கமக்காரரே. விலை கொடுத்து வாங்கிய நைதரசன் செடிக்குச் சேரும்; மேல்மண் சரிவிலேயே நிற்கும்; கீழேயுள்ள நீரும் அதில் வாழும் உயிர்களும் கெடாதிருக்கும்.