மனம் பேச ஒரு கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ராம் எவ்வளவு வேண்டும், ஆன்ட்டி வைரஸ் எது நல்லது, பிரிண்டரும் சேர்த்து வாங்கலாமா என்று கேட்பார்கள். பெரம்பலூர் பக்கம் இருக்கும் என் பெரியப்பா கேட்டது வேறு. "ஏம்ப்பா, இதை வாங்கிக் குடுத்தா உங்க அண்ணனுக்கு நோய் ஜாஸ்தியாயிடுமா?"

பெரியப்பா மகனான என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் உண்டு. பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டு வருகிறார். உடன் படித்தவர்கள் எல்லாம் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டார்கள். வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படம் வரைவார். அதுவும் நின்று போயிருந்தது. (பெயர் போடக் கூடாது என்ற நிபந்தனையுடன் இதை எழுத அவரே அனுமதி கொடுத்திருக்கிறார்.)

பெரியப்பாவின் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. கம்ப்யூட்டரை எப்படி அமைத்துக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் இருந்தால், இந்தப் பாடம் உங்களுக்கும் பயன்படும்.

எத்தனை பேருக்கு இந்தப் பிரச்னை?

பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ல் தேசிய மனநல ஆய்வு ஒன்றை நடத்தியது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுக்கப்பட்டது. 18 வயது கடந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பிரச்னை இருந்தது. நோயின் வகைக்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை இல்லாமலே இருந்தார்கள்.

காரணங்கள் நமக்குத் தெரிந்தவைதான். வெட்கம், பணம், தூரம். நம் பக்கத்தில் ஒருவருக்கு மனநிலை சரியில்லை என்றால், முதலில் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைப்பார்கள். டாக்டரிடம் போவது அதற்குப் பிறகுதான். கோயிலுக்குப் போவதில் தவறில்லை. சிகிச்சை தள்ளிப் போவதுதான் ஆபத்து.

தூரத்தைக் குறைக்கக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்திய நல்ல உதாரணம் நம் அருகிலேயே உண்டு. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984ல் தொடங்கிய ஸ்கார்ப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பு, 2010ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பஸ்ஸை ஓடவிட்டது. பஸ்ஸுக்குள் நோயாளி உட்கார்ந்து, சென்னையில் இருக்கும் மனநல டாக்டரிடம் திரை வழியே பேசலாம். மருந்தும் அந்தப் பஸ்ஸிலேயே கிடைத்தது. டாக்டரைத் திரை வழியே பார்க்க முடியும் என்றால், அதே நோயைத் தாண்டி வந்த இன்னொருவரையும் பார்க்க முடியும். இந்தப் பாடம் அதைப் பற்றியது.

அனுபவித்தவர் துணை

1987ல் நெதர்லாந்தில் ஒரு டிவி நிகழ்ச்சி நடந்தது. மனநல டாக்டர் மாரியஸ் ரோம், காதில் குரல் கேட்கும் அனுபவம் உடைய பாட்ஸி ஹேக் என்ற பெண்ணுடன் அதில் தோன்றினார். இதே அனுபவம் உள்ளவர்கள் டெலிபோனில் கூப்பிடுங்கள் என்று கேட்டுக் கொண்டார்கள். சுமார் 700 பேர் கூப்பிட்டார்கள். அதில் 450 பேர் தங்களுக்கும் குரல் கேட்பதாகச் சொன்னார்கள். அதுவரை ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக் கொண்டிருக்கலாம். அந்த அழைப்புகளிலிருந்து குரல் கேட்பவர்களின் துணைக் குழுக்கள் உருவாகிப் பல நாடுகளுக்குப் பரவின.

டிவியும் டெலிபோனும் அன்று செய்த வேலையை இன்று இன்டர்நெட் செய்கிறது. இத்தகைய குழுவில் கிடைப்பது மருத்துவம் அல்ல. "மாத்திரை சாப்பிட்டால் எனக்கும் தூக்கம் தூக்கமாக வந்தது, டாக்டரிடம் சொன்னேன், மாற்றிக் கொடுத்தார்" என்று ஒருவர் சொல்வது, "ஒழுங்காக மாத்திரையைச் சாப்பிடு" என்று வீட்டார் நூறு தடவை சொல்வதைவிட நன்றாக மனதில் ஏறும்.

எழுத்தும் ஓவியமும்

தமிழில் இதற்கு முன்னோடி உண்டு. 2003ல் மறைந்த எழுத்தாளர் கோபிகிருஷ்ணன் மன உளைச்சலைத் தாமே அனுபவித்தவர்; உளவியலும் சமூகப் பணியும் படித்தவர். 'உள்ளேயிருந்து சில குரல்கள்' என்ற நூலில் மனநோயாளிகளின் உலகத்தை உள்ளிருந்து எழுதினார். சிறுபத்திரிகைகள் வழியே அவர் எழுத்து சில நூறு பேரைத்தான் அன்று அடைந்திருக்கும்.

பின்னர் புனேயில் வாழும் ரேஷ்மா வள்ளியப்பன் தனக்கு மனச்சிதைவு உண்டு என்று வெளிப்படையாகப் பேசினார். ஓவியமும் எழுத்தும் அவருடைய வழிகள். அவரைப் பற்றி 2011ல் வந்த 'எ டிராப் ஆப் சன்ஷைன்' என்ற ஆவணப்படம் தேசிய விருது பெற்றது.

மனதில் இருப்பதை எழுதுவதால் பயன் உண்டா என்று அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், தினம் 15 நிமிடம், மனதைப் பாதித்த நிகழ்ச்சியை எழுதினார்கள். எழுதிய உடனே மனம் கனத்தது. ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் டாக்டரிடம் போனது குறைந்தது. இது ஆரோக்கியமான மாணவர்களிடம் செய்த ஆய்வு என்பதை மறக்க வேண்டாம். நோய் தீவிரமாக இருக்கும்போது பழைய காயத்தைக் கிளறி எழுதச் சொல்லக் கூடாது. டாக்டரிடம் கேட்டுத் தொடங்குவது நல்லது.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். கீழே உள்ள வழிகள் விண்டோஸ் 11 சிஸ்டத்திற்கானவை.

1. தனி அக்கவுண்ட்

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி செட்டிங்ஸ் செல்லவும். அக்கவுண்ட்ஸ் பிரிவில் அதர் யூசர்ஸ் தேர்ந்தெடுத்து, ஆட் அக்கவுண்ட் என்பதில் கிளிக் செய்திடவும். கிடைக்கும் விண்டோவில், இவருடைய விவரம் என்னிடம் இல்லை என்று பொருள்படும் வரியில் கிளிக் செய்திடவும். அடுத்து, மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் இல்லாமல் யூசரைச் சேர்க்கும் வரியைத் தேர்ந்தெடுக்கவும். பெயர், பாஸ்வேர்ட், மூன்று பாதுகாப்புக் கேள்விகள் கேட்கப்படும். இவற்றை அவரே டைப் செய்யட்டும். கேள்விகளுக்கு வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த பதிலைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடவும். எழுந்து போகும்போது விண்டோஸ் கீயுடன் எல் அழுத்தினால் திரை பூட்டிக் கொள்ளும்.

இதை முதல் பாடமாக வைத்ததற்குக் காரணம் நான் செய்த தவறு. அண்ணனுக்குக் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்தபோது எல்லாருக்கும் ஒரே அக்கவுண்ட் வைத்தேன். ஒரு நாள் டெஸ்க்டாப்பில் இருந்த பைல் ஒன்றைத் திறந்து படித்தேன். அக்கறையில்தான் படித்தேன். "நல்லா எழுதியிருக்கீங்கண்ணே" என்றும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பைலை அழித்துவிட்டார். அடுத்த நான்கு மாதம் கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை.

அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட் வைத்திருப்பவர் நினைத்தால் மற்றவர் பைல்களைப் பார்க்க முடியும். முடியும் என்பதற்காகப் பார்க்கக் கூடாது. மனநலச் சிகிச்சை பெறுபவரின் அந்தரங்கத்திற்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே பாதுகாப்பு தருகிறது. சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டும் என்றும், அவர் சம்மதம் இல்லாமல் போட்டோவோ விவரமோ ஊடகங்களுக்குப் போகக் கூடாது என்றும் அதில் உள்ளது. வீட்டிலும் அந்த மரியாதை வேண்டும்.

2. தமிழில் எழுத

செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்வேஜ், லாங்வேஜ் அண்ட் ரீஜன் எனச் சென்று, ஆட் ஏ லாங்வேஜ் மூலம் தமிழைச் சேர்க்கவும். மொழியின் அருகே உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து, லாங்வேஜ் ஆப்ஷன்ஸ் சென்றால் தமிழ்99, தமிழ் போனெட்டிக் போன்ற கீபோர்டுகளில் பிடித்ததைச் சேர்க்கலாம். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பார் அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் மாறலாம்.

எழுத நோட்பேட் போதும். எப்5 கீயை அழுத்தினால் அன்றைய தேதியும் நேரமும் தானாகப் பதியும். தினம் தூங்கிய நேரம், சாப்பிட்ட மாத்திரை, மனநிலை என்று மூன்று வரி எழுதி வந்தால், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அது பயன்படும். சேவ் செய்கையில் என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎப் 8 உள்ளதா என்று பார்க்கவும். இல்லையேல் தமிழ் எழுத்துக்கள் கேள்விக்குறிகளாகிவிடும்.

3. வரையவும் பேசவும்

சில மருந்துகளால் கை நடுங்கும். அவர்களுக்குப் பேப்பரைவிடப் பெயின்ட் புரோகிராம் எளிது. கோடு தவறினால் கண்ட்ரோல் கீயுடன் இசட் அழுத்த, அது மறைந்துவிடும். டைப் செய்யப் பொறுமை இல்லாதவர் சவுண்ட் ரெக்கார்டர் திறந்து பேசலாம், பாடலாம்.

ஒன்றை எதிர்பார்த்து இருங்கள். மனம் சோர்ந்த நாளில் எழுதியது, வரைந்தது எல்லாவற்றையும் அழிக்கத் தோன்றும். ரீசைக்கிள் பின்னில் இருந்தால், பைலின் மீது ரைட் கிளிக் செய்து ரீஸ்டோர் கொடுத்து மீட்கலாம். ஷிப்ட் கீயுடன் டெலீட் அழுத்தியிருந்தால் அந்த வழி இல்லை. எனவே அவர் நன்றாக இருக்கும் நாளில் பேசி, வாரம் ஒருமுறை பென் டிரைவில் அவரே காப்பி எடுத்து வைக்கும் பழக்கத்தை ஏற்படுத்தவும்.

4. பகிர்வதற்கு முன்

புனைபெயரில் தனி இமெயில் முகவரி தொடங்கவும். சிறிய ஊரில் பெயர் தெரிந்தால் கல்யாணப் பேச்சு வரைக்கும் போய்விடும்.

போனில் எடுத்த போட்டோவில், எடுத்த இடத்தின் விவரம் மறைந்திருக்கலாம். அனுப்பும் முன் அந்தப் பைலில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் செல்லவும். டீடெய்ல்ஸ் டேபில், கீழே உள்ள ரிமூவ் பிராப்பர்ட்டீஸ் என்று தொடங்கும் வரியில் கிளிக் செய்து அந்த விவரங்களை நீக்கலாம்.

வீடியோ சந்திப்பில் கேமராவை ஆன் செய்யக் கட்டாயப்படுத்த வேண்டாம். தன்னை யாரோ கவனிக்கிறார்கள் என்ற பயம் இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. லேப்டாப் கேமரா மீது சிறு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தால் நிம்மதியாக உட்காருவார்.

இரவில் எழுதியதை இரவே அனுப்ப வேண்டாம். டிராப்ட்டாக வைத்துக் காலையில் படித்து அனுப்பலாம். இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். தூக்கம் கெடுவதே நோயை மீண்டும் கிளப்பிவிடலாம். கம்ப்யூட்டரை அணைக்கும் நேரத்தை அவரே முடிவு செய்து எழுதி ஒட்டி வைக்கட்டும்.

5. எந்தக் குழு நல்லது?

நடத்துபவர் யார் என்று வெளிப்படையாகத் தெரிய வேண்டும். மருத்துவமனையோ மனநல அமைப்போ பின்னால் இருந்தால் நல்லது. உங்கள் டாக்டரிடமே கேட்டுப் பார்க்கவும். பேச்சைக் கவனித்து ஒழுங்குபடுத்த ஒருவர் இருக்க வேண்டும். உள்ளே பேசியது வெளியே போகக் கூடாது என்ற விதி வேண்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், பணம் கட்டினால் முழுக் குணம் என்பவர், தனியாகப் பேச அழைத்துப் போட்டோ கேட்பவர் இருந்தால் உடனே வெளியேறவும். மருந்தின் அளவைக் குழுவில் கேட்டு மாற்றவே கூடாது.

முதல் சில வாரங்கள் சும்மா கேட்டுக் கொண்டிருந்தாலே போதும். குழுவில் ஒருவரின் துயரம் தன் மனதையும் இழுத்தால், சில நாள் விலகி இருப்பதில் தவறில்லை.

அவசர நேரத்தில்

உயிரை விட வேண்டும் என்று யாராவது எழுதினாலோ, உங்களுக்கே தோன்றினாலோ, குழுவில் பதில் வருவதற்காகக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் டெலி மானஸ் சேவை கிடைக்கும். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். சென்னை ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மனநல டாக்டரைப் பார்க்கலாம். இந்த எண்களை மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டவும்.

அண்ணன் இப்போது வாரம் ஒருமுறை ஒரு குழுவில் உட்காருகிறார், கேமரா இல்லாமல். சென்ற மாதம், வயலோரம் இருக்கும் வெங்காயப் பட்டறையைப் பெயின்ட்டில் வரைந்து குழுவுக்கு அனுப்பினார். எந்த ஊர் என்றே தெரியாத ஒருவர், "இந்தப் படத்தில் ஆளே இல்லையே, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?" என்று கேட்டாராம். அடுத்த வாரம் பட்டறைக்குப் பக்கத்தில் சிறியதாக ஓர் ஆளை வரைந்திருந்தார். இதை அவராகவே என்னிடம் சொன்னார். நான் பைலைத் திறக்கவில்லை.

மாத்திரை தொடர்கிறது, டாக்டரிடம் போவதும் தொடர்கிறது. நோய் ஜாஸ்தியாகவில்லை என்று பெரியப்பாவே சொல்கிறார். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்றே அந்தத் தனி அக்கவுண்ட்டை அமைத்துக் கொடுங்கள். பாஸ்வேர்ட் அவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.