கேயாசி எங்கே திரும்பியிருக்கலாம்?



சென்ற ஞாயிறு வாலிபர் வகுப்பில் 2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரத்தைத் தியானித்தோம். நாகமானைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. "இன்னைக்கு அவரை விட்டுட்டு கேயாசியைப் பாருங்க. அவன் எந்த இடத்தில் திரும்பி வந்திருக்கலாம்?" என்று கேட்டேன்.

கேயாசி லேசுப்பட்டவன் அல்ல. சூனேமியாளின் மரித்த பிள்ளைக்காக எலிசாவின் தடியைச் சுமந்து ஓடினவன். நாகமான் 10 தாலந்து வெள்ளியும், 6,000 சேக்கல் பொன்னும், 10 மாற்று வஸ்திரங்களும் கொண்டுவந்தான். எலிசா ஒன்றையும் வாங்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த கேயாசிக்கு மனசு அடிச்சுக்கிட்டது.

ஒரு தம்பி எழும்பி, "பாஸ்டர், அவன் திருடலையே! ஒரு தாலந்து கேட்டதுக்கு நாகமான் சந்தோஷமா ரெண்டு கொடுத்தானே?" என்றான். எனக்கே சற்று யோசனையாயிற்று. ஆனால் நாகமான் யாருக்கென்று கொடுத்தான்? எப்பிராயீம் மலைத்தேசத்திலிருந்து வந்ததாகச் சொன்ன இரண்டு வாலிபருக்கு. அப்படி யாரும் வரவேயில்லை! இல்லாத ஏழைகளைக் காட்டி, எஜமான் பெயரைச் சொல்லி வாங்கினான். அன்றைக்குத்தான் தேவனை அறிந்துகொண்ட மனுஷன் நாகமான். தேவன் இலவசமாய்க் கொடுத்த சுகத்துக்குக் கேயாசி பில் போட்டுவிட்டான்.

நாகமான் இரதத்திலிருந்து இறங்கி நலம் விசாரித்தபோதே, "சும்மா வழியனுப்ப வந்தேன்னு சொல்லியிருக்கலாம்" என்றாள் ஒரு தங்கச்சி. அதுவும் பொய்தானே என்றேன், எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

ஒரு தாலந்து ஏறக்குறைய 34 கிலோ. இரண்டு வேலைக்காரர் சுமந்து வந்தார்கள். மேட்டண்டை வந்ததும் கேயாசி அதை வாங்கி வீட்டில் வைத்துவிட்டு அவர்களை அனுப்பிவிட்டான். அந்த மேட்டிலாவது "திரும்பக் கொண்டுபோங்க" என்றிருக்கலாம். கடைசியில் எலிசாவே எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்டார். தெரியாமலா கேட்டார்? ஒரு வாசலைத் திறந்து கொடுத்தார். இவனோ எங்கேயும் போகலை என்றான். ஒலிவத்தோப்பு, திராட்சத்தோட்டம், ஆடு மாடு என்று எலிசா அடுக்குகிறாரே, அதெல்லாம் இவன் மனசுக்குள் போட்ட கணக்கு என்பது என் எண்ணம்.

குஷ்டரோகம் அவன் சந்ததியையும் பிடித்தது. "பிள்ளைங்க என்ன செஞ்சாங்க பாஸ்டர்?" என்று கேட்டார்கள். வாய்க்கு வந்த பதிலைச் சொல்ல எனக்கு மனமில்லை. தகப்பன் வட்டிக்கு வாங்கிக் குடித்தால் யார் யார் பட்டினி கிடப்பார்கள் என்று மட்டும் கேட்டேன். வகுப்பு அமைதியாயிற்று.

ஜெபம் முடிந்தபின் ஒரு தம்பி மட்டும் நின்றான். (அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) "டியூஷன் ஃபீஸ் 400தான் பாஸ்டர். வீட்டுல 500-னு சொல்லி வாங்கினேன்."

"மீதி எங்கே?"

"பையிலேயே இருக்கு."

"அப்போ நீ இன்னும் மேட்டுலதான் நிக்கிறே" என்றேன். இருவரும் முழங்கால்போட்டு ஜெபித்தோம். தனியாகப் போகப் பயமாயிருக்கு என்றான். நானும் கூடப் போனேன். அவன் அம்மா ரூபாயை வாங்கிக்கொண்டு நன்றாகத் திட்டினார்கள். பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் காபி போட்டுக் கொடுத்தார்கள்.