குறையின் வேர் காண்போம்

நுழையும்முன்

நோயைக் கண்டவுடன் மருந்தை நாடாமல், அதன் காரணத்தை முதலில் ஆராய வேண்டும் என்பது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் உணர்த்தும் நெறி. வீட்டிலுள்ள இயந்திரங்களுக்கும் அந்நெறி பொருந்தும்.

பாடம்

அமெரிக்காவைச் சேர்ந்த ஜோசபின் காக்ரேன் என்னும் பெண்மணி, நீரின் விசையால் பாத்திரம் கழுவும் இயந்திரத்திற்கு 1886ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் அது இடம்பெற்றது. ‘டிஷ்வாஷர்’ எனப்படும் அவ்வியந்திரம், இன்று கொல்கத்தாவை அடுத்த நியூ டவுனின் அடுக்குமாடி வீடுகளிலும் பயன்படுகிறது.

இவ்வியந்திரம் சிறிதளவு நீரைச் சூடாக்கி, சுழலும் கரங்களின் துளைகள் வழியே பீய்ச்சுகிறது. அந்நீரே வடிகட்டியைக் கடந்து மீண்டும் மீண்டும் சுழல்கிறது. ஆகவே, நீரின் வழியில் ஏற்படும் தடையே பல குறைகளுக்குக் காரணமாகிறது.

அழுக்கு நீங்காமை: வங்காளச் சமையலில் மீனும் கடுகும் மிகுதி. மீன் முள்ளும் சோற்றுப் பருக்கையும் வடிகட்டியை அடைக்கும். கடுகு கரங்களின் துளைகளில் சிக்கும். இரண்டையும் கழற்றிக் கழுவ வேண்டும். பெரிய பாத்திரம் கரத்தின் சுழற்சியைத் தடுக்காதவாறு அடுக்குதலும் இன்றியமையாதது.

நீர் வெளியேறாமை: வடிகட்டி தூய்மையாக இருப்பின், கழிவுநீர்க் குழாய் மடங்கியுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

நுரை பொங்குதல்: கையால் கழுவுவதற்குரிய சோப்புத் திரவத்தை இட்டால் நுரை மிகுந்து வெளியே கசியும். இயந்திரத்திற்குரிய தூளையே இடவேண்டும். நுரையின்றியும் நீர் கசிந்தால், கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையைச் சோதிக்க வேண்டும்.

வெண்படலம்: ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்திருந்தால் அது கடின நீராகும். அவ்வுப்புகள் கண்ணாடிக் குவளையில் வெண்மையாகப் படியும். அப்படலத்தின்மேல் சிறிது வினிகரைத் தேய்த்தால் உண்மை விளங்கும். படலம் நீங்கினால் அது உப்புப் படிவு. பித்தளையைப் புளி துலக்குவது போல, அமிலம் அதைக் கரைத்துவிட்டது. நீங்காவிடில், கண்ணாடியே அரிக்கப்பட்டுள்ளது. அதனை மீட்க இயலாது. படிவைத் தடுக்க, இயந்திரத்தின் உப்பறையில் அதற்கென விற்கப்படும் உப்பை நிரப்பவேண்டும். சமையல் உப்பு ஏற்றதன்று.

இவற்றைச் செய்யும் முன் மின்னிணைப்பைத் துண்டித்தல் கட்டாயம். மின்னதிர்ச்சியோ கருகும் வாடையோ தோன்றினால் ஆராய்ச்சிக்கு இடமில்லை. தேர்ந்த பணியாளரையே அழைக்க வேண்டும். காரணம் அறியாதவர் பழுதற்ற பொருளுக்கும் பணம் செலவிடுவர். எல்லை அறியாதவர் உயிருக்கே ஊறு தேடுவர். எனவே, தம்மால் இயல்வதையும் இயலாததையும் பகுத்தறிதலே அறிவுடைமை.

சொற்பொருள்

விசை – வேகம்
இன்றியமையாதது – மிகத் தேவையானது
ஊறு – தீங்கு

பயிற்சி

1. கடின நீர் என்றால் என்ன?
2. வெண்படலம் உப்புப் படிவா, அரிப்பா என்று எவ்வாறு அறியலாம்?
3. பிரித்து எழுதுக: அவ்வியந்திரம், மின்னிணைப்பு.
4. எதிர்ச்சொல் தருக: தூய்மை, மிகுதி.
5. உம் வீட்டிலுள்ள ஓர் இயந்திரத்தின் குறையையும் அதன் காரணத்தையும் ஐந்து தொடர்களில் எழுதுக.