அயன்மண்டலத்தில் எழும் குமிழிகள்

காந்த ஊசி சாயாது கிடையாய் நிற்கும் காந்த நடுக்கோடு நம் இலங்கைக்கு அணித்தாகவும் பெரு நாட்டினூடாகவும் செல்கின்றது. இக்கோட்டின்மேல், வானொலி அலைகளைத் திருப்பியனுப்பும் அயன்மண்டலம் பொழுது சாய்ந்தபின் குழம்புதலுண்டு. பெருவின் உவான்காயோவிற் பெற்ற பதிவுகளைக் கொண்டு புக்கர், வெல்சு என்போர் 1938 இல் இதனை எடுத்துக்காட்டினர்.

நீர் நிறைந்த குவளையைக் கவிழ்த்தால், பாரமான நீர் இறங்க, இலேசான காற்றுக் குமிழிகளாய் மேலேறுதலை நாம் காண்போம். அயன்மண்டலத்தின் நிலையும் இதற்கு ஒப்பானதே. ஞாயிறு மறைந்ததும் அதன் அடிப்பகுதியில் அயன்களும் இலத்திரன்களும் விரைந்து கூடி மறைகின்றன; செறிந்த படை மேலும் ஐதான படை கீழுமாக நிற்கும். உச்சிப் பகுதியிலோ மேலே செல்லச் செறிவு குறைவதாற் குழப்பம் பிறத்தற்கு இடமில்லை. அங்கும் குழப்பம் காணப்பட்டதே புதிர்.

லீமாவுக்கருகே ஹிக்கமார்க்காவில் 1960-61 இல் அமைத்த ராடார் இப்புதிரை அவிழ்த்தது. அதன் 18,432 இருமுனைக் கம்பிகள், பக்கம் ஏறக்குறைய 300 மீற்றரான சதுரத்திற் பரந்து கிடக்கின்றன, வயலென்றே சொல்லலாம். அலைநீளம் 6 மீற்றர். அதிற் பாதியான 3 மீற்றர் இடைவெளியில் அமைந்த செறிவு வேறுபாடுகளே எதிரொலியை வலுப்படுத்தித் தரும். (ஏன் பாதி என்பதை மாணவர் வரைந்து பார்ப்பாராக.) 1976 இல் வுட்மன், லா ஓஸ் என்போர் வெளியிட்ட படங்களில் எதிரொலிகள் அடியிலிருந்து உச்சிவரை புகைக்கொடிபோலத் தொடர்ந்தன. கீழே பிறந்த ஐதான குமிழியே செறிந்த படையை ஊடுருவி மேலேறுகின்றது என அவர்கள் விளக்கினர். அதனைக் கடந்து வரும் செய்மதிச் சைகைகள் விண்மீன்போல மினுங்கும். சிலவேளை அற்றும் போகும்.