கணிதம் கற்றவளுக்கு மருத்துவக் கலாசாலையில் என்ன வேலை?

கேள்வி: கணிதத்தில் பட்டம் பெற்ற என் மகள், மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்றில் உயிர்க்கணிதமும் உயிர்த் தகவலியலும் மேற்படிப்பாகப் பயில விரும்புகிறாள். வைத்தியம் அறியாதவளுக்கு அங்கே இடமுண்டா?

பதில்: தங்கள் ஐயம் இயற்கையானதே. ஆயினும், 1905–06இல் பம்பாயில் பரவிய பிளேக்கின் மரணக் கணக்கை உரைகல்லாக வைத்து, கெர்மாக், மெக்கெண்ட்ரிக் என்னும் இருவர் 1927இல் தொற்றுநோயின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் சமன்பாடுகளில் அடக்கிக் காட்டியதையும், குவாண்டம் ரசாயனம் கற்ற மார்கரெட் டேஹாஃப் அம்மையார் 1965இல் புரதங்களின் அமினோ அமில வரிசைகளைத் திரட்டி நூலாக்கி, பின்னர் ஜார்ஜ்டவுன் மருத்துவக் கலாசாலையில் பேராசிரியையாக விளங்கியதையும் நோக்குங்கால், கணிதத்துக்கு அங்கே நெடுநாளைய உரிமை உண்டென்பது புலனாகும். நிகழ்தகவிலும் வகைக்கெழுச் சமன்பாடுகளிலும் பயிற்சியுள்ள தங்கள் புதல்வி, கணினி நிரல் எழுதுவதையும் மூலக்கூறு உயிரியலின் பாலபாடத்தையும் சேருமுன்பே பழகிக்கொள்வது நலம். கணித ஆசிரியர் ஒருவரும் மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒருவருமாக இரு வழிகாட்டிகள் கிடைப்பார்களா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளட்டும்.